காமாலைக் கண்ணும் கண்ட உண்மையும்

"காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்பது நம் முன்னோர் பழமொழி. தன் மனத்தின் குறையை உலகின் குறையாகக் காண்பவனைச் சுட்ட நாம் அதனை இன்றும் வழங்குகிறோம். ஆனால் மருத்துவர்களைக் கேட்டால் வேறொன்று சொல்வார்கள். காமாலை கண்டவருக்கு உலகம் மஞ்சளாகத் தோன்றுவது மிக அரிது. அவருடைய கண்தான் பிறருக்கு மஞ்சளாகத் தெரிகிறது. நோயை நோயாளிக்கு முன்னதாக அவருடைய தாயோ மனைவியோ கண்டுகொள்கிறார்கள். "என்ன, கண்ணெல்லாம் மஞ்சளாக இருக்கிறதே" என்னும் ஒரு சொல்லில்தான் நம் ஊர்களில் இந்நோயின் வரலாறு தொடங்குகிறது.

பழமொழி நோயாளிக்குப் பொருந்தாவிட்டாலும், நோயைப் பார்த்தவர்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் கடந்த முந்நூறு ஆண்டுகளில் ஈரல் நோயைப் பார்த்த கண்கள் பல. கோட்டையில் இருந்த ஆங்கிலேய வைத்தியர் அதில் வெப்ப நாட்டின் கொடுமையைக் கண்டார். சித்த வைத்தியர் பித்தத்தின் மிகுதியைக் கண்டார். ஆய்வுக்கூடத்து அறிஞர் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரைக் கண்டார். ஒவ்வொருவர் கண்ணிலும் ஒவ்வொரு நிறம் படிந்திருந்தது. அவர்களுள் யார் எவ்வளவு உண்மையைக் கண்டார்கள் என்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம் வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்த அன்று நாம் எங்கே ஓடுகிறோம், எத்தனை நாள் காத்திருக்கிறோம் என்பதை இந்த வரலாறுதான் முடிவு செய்கிறது. ஆகையால் இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது.

ஈரலும் பித்தமும்

மனித உடலின் உள்ளுறுப்புகளில் பெரியது கல்லீரல். வளர்ந்தவர் உடலில் அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். உண்ட உணவின் சத்தைச் சேர்த்து வைப்பதும், நஞ்சை முறிப்பதும், குருதி உறைவதற்கு வேண்டிய பொருள்களை ஆக்குவதும் அதன் பணிகள். நாள்தோறும் அரை லிட்டருக்கும் மேலாகப் பித்தநீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புவதும் அதுவே. நம் குருதியின் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள்கள் வாழ்ந்து அழிகின்றன. அவற்றின் எச்சமாக மஞ்சள் நிறப் பொருள் ஒன்று உண்டாகிறது. ஈரல் அதைப் பித்தநீரோடு கலந்து வெளியேற்றிவிடும். ஈரல் நலிந்தாலோ, பித்தக் குழாய் அடைபட்டாலோ, சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி அழிந்தாலோ அந்த மஞ்சள் குருதியில் தேங்கிக் கண்ணிலும் தோலிலும் ஏறுகிறது. ஆகவே காமாலை தனியொரு நோயன்று. பல நோய்களின் அறிகுறி. இந்த ஒரு செய்தியை நினைவில் நிறுத்தினால் பின்னால் வரும் குழப்பங்கள் பலவும் தெளியும்.

நம் மொழி இவ்வுறுப்பை உணர்ச்சியின் இருப்பிடமாகவே கருதி வந்துள்ளது. அஞ்சினால் ஈரக்குலை நடுங்குகிறது. அறிவு தடுமாறினால் பித்தம் தலைக்கேறுகிறது. பிள்ளைமேல் கொண்ட பாசத்தில் பெற்ற மனம் பித்தாகிறது. திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரர் தம் இறைவனைப் பித்தன் என்றே அழைத்தார் என்பது தென்னார்க்காட்டு மண்ணின் பழைய மரபு. திருவிவிலியத்தில் தோபித்து நூலை அறிந்த நமக்கும் இது புதிதன்று. மீனின் பித்தப்பையையும் இதயத்தையும் ஈரலையும் எடுத்து வைத்துக்கொள்ளுமாறு வானதூதர் இரபேல் இளைஞன் தோபியாவுக்குச் சொல்கிறார். அந்தப் பித்தம் தந்தையின் கண்ணுக்கு மருந்தாகிறது. பித்தமும் கண்ணும் பண்டைய உலகெங்கும் இப்படிச் சேர்த்தே எண்ணப்பட்டன.

தேவனாம்பட்டினத்துக் கோட்டையில்

கடலூருக்கு அருகில் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு பாய்ந்து விழும் தொலைவு வரை உள்ள நிலமும் விலையில் அடங்கும் என்பது ஒப்பந்தம். அவ்வாறு சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் நிலைத்தது. செயின்ட் டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்ற அவ்விடம், 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபின் சில ஆண்டுகள் கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடமாகவே இருந்தது. அப்போது சென்னையிலிருந்து தப்பி வந்து அங்கே புகலடைந்த இளம் எழுத்தர்களுள் இராபர்ட் கிளைவும் ஒருவர். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1756இல், அதே கோட்டைக்கு ஆளுநராகவும் அவர் வந்தார்.

வங்காளத்தை வென்ற அந்த மனிதர் தம் வயிற்று வலியை வெல்ல முடியவில்லை. வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் கொடிய வலி அவரை வாட்டியது. அபினியின்றி அவருக்கு ஆறுதல் இல்லை. பித்தப்பைக் கற்களே அவ்வலிக்குக் காரணம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அவர் 1774 நவம்பரில் இலண்டனில் இறந்தார். பித்தப்பையை அறுத்து அகற்றும் முதல் சிகிச்சை பெர்லின் நகரில் லாங்கன்புக் என்பவரால் 1882இல்தான் நடந்தது. இன்று நம் மாவட்டத் தலைநகர் மருத்துவமனைகளில் ஏழைக்கும் கிடைக்கின்ற அச்சிகிச்சை, அன்று இந்தியாவின் செல்வத்தை அள்ளிச் சென்றவருக்கும் கிடைக்கவில்லை.

கிளைவின் நோய் தனிமனிதர் ஒருவரின் நோய். கோட்டைகளிலும் பாளையங்களிலும் இருந்த ஐரோப்பியச் சிப்பாய்களை ஈரல் நோய் கூட்டம் கூட்டமாக வாட்டியது. வலப்புற விலாவின்கீழ் வலி, காய்ச்சல், நாளடைவில் ஈரலில் சீழ்க்கட்டி, பின் மரணம் என்பது அதன் போக்கு. சென்னை மாகாணத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஜேம்ஸ் ஆன்ஸ்லி என்னும் மருத்துவர், இறந்தோரின் உடல்களை அறுத்துப் பார்த்து, ஈரலின் வண்ணப் படங்களோடு பெருநூல் ஒன்றை 1828இல் வெளியிட்டார். கட்டியைக் கண்ணால் கண்டு படமாக வரைந்து வைத்த அவர் உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் காரணம் என்ன என்ற கேள்விக்கு அக்கால ஆங்கிலேய மருத்துவம் தந்த விடை வெப்பம் என்பதே. வெப்ப நாட்டில் ஈரல் அளவுக்கு மீறித் தூண்டப்படுகிறது, அதனால் வீங்குகிறது என்று அவர்கள் நம்பினார்கள்.

காரணம் பிழையானதால் மருந்தும் பிழையானது. கலோமல் என்னும் இரச உப்பைப் பேரளவில் கொடுத்தார்கள். ஈறு வீங்கி, வாயில் எச்சில் ஓயாது வடியும் வரை கொடுத்தால்தான் மருந்து பிடித்திருக்கிறது என்பது கணக்கு. இன்று அதனைப் பாதரச நஞ்சின் அறிகுறி என்போம். நோயினால் சிலரும் மருந்தினால் சிலரும் மாண்டார்கள். பிழைத்தவர்கள் மஞ்சள் பூத்த முகத்தோடு இங்கிலாந்து திரும்பினார்கள். ஈரல் கெட்டுத் திரும்பும் இந்தியச் செல்வர் அந்நாட்டுக் கதைகளில் ஒரு கேலிப் பாத்திரமாகவே ஆகிவிட்டார். தாக்கரே 1847, 1848ஆம் ஆண்டுகளில் எழுதி வெளியிட்ட புகழ்பெற்ற நாவலில் வரும் ஜோஸ் செட்லி அத்தகையவரே.

உண்மை வெளிப்பட நெடுங்காலம் ஆயிற்று. காலராவை ஆராய எகிப்து சென்ற இராபர்ட் கோக், 1883இல் ஈரல் கட்டியில் அமீபாக்களைக் கண்டார். சீதபேதியை உண்டாக்கும் அதே உயிரி குடலிலிருந்து குருதி வழியே ஈரலுக்கு ஏறிக் கட்டியை உண்டாக்குகிறது என்பது பின்னர் உறுதிப்பட்டது. அமீபா உடலுக்குள் நுழையும் வழி, மலம் கலந்த தண்ணீரும் உணவும். கோட்டையின் கொலையாளி வானத்து வெயிலன்று, குடத்துத் தண்ணீர். சாராயமும் கள்ளும் அருந்துவோரை இக்கட்டி மிகுதியாகப் பற்றுகிறது என்பதும் பின்னர் அறியப்பட்டது. அன்றைய பாளையங்களில் இரண்டிற்கும் குறைவில்லை.

இந்நோய்க்கு மருந்து வந்த வழி நம் கவனத்திற்குரியது. பிரேசில் நாட்டுப் பழங்குடி மக்கள் வயிற்றுக் கடுப்புக்குப் பயன்படுத்திய இப்பிகாக் என்னும் வேரிலிருந்து எமெட்டின் என்ற சத்து 1817இல் பிரித்தெடுக்கப்பட்டது. கல்கத்தாவில் லெனார்டு ராஜர்சு 1912இல் அதனை ஊசி வழியே செலுத்தி, அமீபா சீதபேதியும் ஈரல் கட்டியும் குணமாவதைக் காட்டினார். காட்டு மக்களின் வேர் ஒன்று சோதனையில் தேறி உலகின் மருந்தாயிற்று. 1960களில் மெட்ரோனிடசோல் வந்தபின் எமெட்டினும் ஒதுங்கியது. இந்த வேரின் கதையை நினைவில் வைத்துக்கொள்வோம்; நம் ஊர்ச் செடி ஒன்றின் கதையோடு இதனை ஒப்பிட வேண்டியிருக்கிறது.

வடலூரின் வெந்நீர்

கோட்டை இடிந்து நூறாண்டுகளுக்குப் பின், அதே மண்ணில் வேறொரு கண் நோயைப் பார்த்தது. சிதம்பரத்திற்கு அருகே மருதூரில் 1823இல் பிறந்தவர் இராமலிங்க அடிகளார். வள்ளலார் என நாம் அழைக்கும் அவர் 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். பசித்தவர்க்கெல்லாம் சாதி சமயம் பாராது சோறு இடுவதற்காக அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் பிரிக்கப்பட்டபோது கடலூர்ப் பகுதிக்கு அவர் பெயரையே சூட்டி, தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம் என்று சில காலம் வழங்கினார்கள்.

வள்ளலாரை அருட்பாக்களின் ஆசிரியராக நாம் அறிவோம். உடலைப் பேணும் முறைபற்றி அவர் அன்பர்களுக்கு எழுதி வைத்த குறிப்புகளைப் பலரும் அறியார். மூலிகைகளின் குணங்களை அவர் தொகுத்திருக்கிறார். அவற்றுள் கரிசலாங்கண்ணிக்கு அவர் தந்த இடம் மிக உயர்ந்தது. வயல் வரப்பில் தானே முளைக்கும் அக்கீரை பித்தத்தைத் தணிப்பது, ஈரலுக்கு நல்லது என்பது சித்த மருத்துவ மரபு. அவர் வற்புறுத்திய மற்றொன்று வெந்நீர். குடிப்பதற்குக் காய்ச்சிய நீரையே கொள்ள வேண்டும் என்று அவர் விதித்தார்.

அவருக்கு நுண்ணுயிர் பற்றித் தெரிந்திருந்தது என்று சொன்னால் அது வரலாறாகாது. பக்தி மிகுதியால் வரும் பிழையாகும். உடலின் வெம்மையைக் காப்பது என்ற பழைய கோட்பாட்டின் வழியே அவர் வெந்நீருக்கு வந்தார். ஆனால் கோட்பாடு எதுவாயினும் செயல் சரியாக இருந்தது. நீரைக் கொதிக்க வைத்தால் காலராக் கிருமியும் அமீபாவும் அழியும். காமாலையைப் பரப்பும் வைரசுகளும் அழியும். கலோமல் கொடுத்த மருத்துவர்களிடம் நூல்களும் படங்களும் இருந்தன. வடலூர்த் துறவியிடம் இருந்தவை ஒரு பானையும் ஓர் அடுப்பும். அவருடைய விதியைக் கைக்கொண்டவன், காரணம் அறியாமலே காக்கப்பட்டிருப்பான்.

கீழாநெல்லியின் கடற்பயணம்

இனி நம் ஊர்ச் செடிக்கு வருவோம். மழைக்காலத்தில் வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் கொல்லைப்புறத்திலும் தழைக்கும் சிறு செடி கீழாநெல்லி. இலைக்காம்பின் அடியில் நெல்லிக்காயைச் சிறிதாக்கினாற்போல் காய்கள் வரிசையாகத் தொங்குவதால் இப்பெயர். கண் மஞ்சளித்தது என்றால், அதனை வேரோடு பிடுங்கி, கழுவி, அரைத்து, மோரிலோ பாலிலோ கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பது நம் இல்லங்களின் பழக்கம். உப்பும் எண்ணெயும் நீக்கிப் பத்தியம் வைப்பார்கள். ஓரிரு வாரங்களில் மஞ்சள் இறங்கும். செடியின் புகழ் ஏறும்.

சென்னையில் பணியாற்றிய ஒயிட்லா ஐன்சிலி என்னும் ஆங்கிலேய மருத்துவர், நாட்டு வைத்தியர் கையாண்ட மருந்துகளைத் தமிழ்ப் பெயர்களோடு தொகுத்து 1813இல் சென்னையிலேயே அச்சிட்டார். தம் நாட்டவர் இரசத்தை வாரி வழங்கிய காலத்தில், இந்நாட்டு வைத்தியரின் பச்சிலைகளைப் பொறுமையாகக் கேட்டு எழுதிய அவரை நாம் மறக்கலாகாது. அவ்வழியே நம் மூலிகைகள் ஐரோப்பிய நூல்களில் ஏறின. ஆயினும் கீழாநெல்லி உண்மையான சோதனைக் களத்துக்கு வர 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குள் காமாலையின் காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டிருந்தன. அமெரிக்க அறிஞர் பாருக் பிளம்பர்க், 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் குருதியில் புதுமையான ஒரு புரதத்தைக் கண்டார். அது ஹெபடைடிஸ் பி வைரசின் மேலுறை என்பது பின்னர் தெளிவாயிற்று. இக்கண்டுபிடிப்புக்காக 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரசு குருதி வழியாகவும், உடலுறவு வழியாகவும், பேற்றின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுகிறது. பிறந்தவுடன் தொற்றினால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் உடலில் தங்கி, ஈரலைச் சுருங்கச் செய்து, சிலருக்குப் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடுகிறது. அதனை உடலிலிருந்து விரட்டும் மருந்து அன்று இல்லை.

மருந்து தேடிய பிளம்பர்க்கின் பார்வை நம் பச்சிலையின்மேல் விழுந்தது. அவரும் வெங்கடேசுவரனும் மில்மனும் சேர்ந்து, செடியின் சாறு ஆய்வுக்கூடத்தில் இவ்வைரசின் செயலைத் தடுப்பதாக 1987இல் வெளியிட்டார்கள். இதே இனத்து வைரசு தாக்கும் மர்மோட் வகை விலங்குகளிலும் அவர்கள் சாற்றைச் சோதித்தார்கள். அடுத்த ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் பிளம்பர்க்கோடு இணைந்து, மனிதரில் நடத்திய ஆய்வை இலண்டனின் புகழ்பெற்ற 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். வைரசைச் சுமந்திருந்தோர்க்கு 200 மில்லிகிராம் செடிப்பொடி நாளுக்கு மூன்று வேளையாக 30 நாள்கள் தரப்பட்டது. மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து வைரசின் அடையாளம் மறைந்தது. மருந்து போன்ற வெற்றுப்பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு ஆயிற்று.

தமிழ்நாட்டின் கொல்லைப்புறச் செடி ஒன்று நோபல் அறிஞரின் கையொப்பத்தோடு உலக மேடை ஏறியது. நம் நெஞ்சம் பூரித்தது இயல்பே. ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. தாய்லாந்தில் அதே செடியை உண்டவர்களிடம் அப்பயன் காணப்படவில்லை என்று 1990இல் செய்தி வந்தது. 1994இல் நியூசிலாந்திலிருந்தும் அவ்வாறே வந்தது. சென்னை ஆய்வில் தொடக்கத்தில் சேர்ந்த 78 பேரில் 60 பேரின் முடிவே கணக்கில் வந்தது என்பதையும் ஆராய்ச்சியாளர் சுட்டினார்கள். செடி வளர்ந்த மண், பறித்த பருவம், உலர்த்திய முறை வேறுபட்டிருக்கலாம் என்று சிலர் விடை கூறினார்கள். செடியின் பெயரிலேயே குழப்பம் இருந்தது. நூல்களில் பில்லாந்தசு நிரூரி என்று எழுதப்பட்டது அமெரிக்கக் கண்டத்துச் செடி என்றும், நம் ஊர்க் கீழாநெல்லி பெரும்பாலும் பில்லாந்தசு அமாரசு என்றும் தாவரவியலார் தெளிவுபடுத்தினார்கள். பின்னாளில் எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடை போட்டவர்கள், நாட்பட்ட ஹெபடைடிஸ் பி நோயைக் கீழாநெல்லி நீக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே முடித்தார்கள்.

இங்கேதான் பிரேசில் நாட்டு வேரை நினைக்க வேண்டும். அந்த வேர் நாட்டு மருந்து என்பதற்காக ஏற்கப்படவில்லை. அதற்காகத் தள்ளப்படவும் இல்லை. சோதனையில் தேறியது, ஏற்கப்பட்டது. நம் செடியும் அதே வாயிலில் நின்றது. முதல் தேர்வில் வென்றது, அடுத்த தேர்வுகளில் வெல்லவில்லை. இதில் நமக்கு இழிவு ஏதும் இல்லை. தம் ஊர்ச் செடியை உலகின் தராசில் துணிந்து வைத்த சென்னை அறிஞர்களின் செயலே பெருமைக்குரியது.

அப்படியானால், நம் பாட்டிமார் கண்ட குணம் பொய்யா? பொய்யன்று. நம் ஊர்களில் பிள்ளைகளுக்கும் இளைஞர்க்கும் வரும் காமாலை பெரும்பாலும் தண்ணீர் வழியே பரவும் ஹெபடைடிஸ் ஏ. அது சில வாரங்களில் தானாகவே தீரும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கும் மேற்பட்டோர் முழுநலம் அடைவர். செடி உண்டவரும் பிழைத்தார், உண்ணாதவரும் பிழைத்தார். செடி உண்டவரை மட்டும் ஊர் நினைவில் வைத்தது. பச்சிலையோடு சேர்த்துக் கொடுத்த ஓய்வும், எளிய உணவும், சாராய விலக்கும் நலம் செய்தன என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அதே செடியை நம்பி, பித்தக் குழாயில் கல் அடைத்தவரும், குழாயில் புற்று வளர்ந்தவரும், நிறைமாதக் கர்ப்பிணியும் வாரக்கணக்கில் காத்திருந்தால் என்ன ஆகும்? காமாலை பல நோய்களின் அறிகுறி என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகவே. கையில் சூடு வைப்பதும், கண்ணிலும் மூக்கிலும் சாறு விடுவதும் இந்தக் காத்திருப்பிற்குப் புண்ணையும் வேதனையையும் கூட்டுவன. வேறொரு பயனும் அவற்றால் இல்லை.

வெள்ளமும் கிணறும்

தில்லியில் 1955ஆம் ஆண்டின் இறுதியில் யமுனையின் வெள்ளம் வடிந்தபோது, நகரின் கழிவுநீர் குடிநீர் எடுக்கும் இடத்தில் கலந்தது. நீரில் குளோரின் சேர்த்தார்கள். அதனால் டைபாய்டு பரவவில்லை. ஆனால் சில வாரங்களில் ஏறத்தாழ 29,000 பேருக்குக் கண் மஞ்சளித்தது. பாக்டீரியாவைக் கொன்ற அளவு குளோரின் வைரசைக் கொல்லவில்லை. அந்நோய் ஹெபடைடிஸ் ஈ என்னும் வேறொரு வகை என்பது, சேமித்து வைத்திருந்த குருதியைப் பல ஆண்டுகளுக்குப் பின் சோதித்தபோதுதான் தெரிந்தது. இவ்வகை ஆண்களையும் பிள்ளைகளையும் பெரும்பாலும் உயிரோடு விட்டுவிடுகிறது. கருவுற்ற பெண்களை, அதுவும் கடைசி மூன்று மாதங்களில், கொடுமையாகத் தாக்குகிறது. அவர்களுள் ஐவரில் ஒருவர் வரை இறக்கக்கூடும்.

இச்செய்தி கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் தொலைவான ஒன்றன்று. தென்பெண்ணையும் கெடிலமும் கடலூரில் கடலைச் சேர்கின்றன. வெள்ளாறும் கொள்ளிடமும் சிதம்பரத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் ஓடுகின்றன. மேற்கே பெய்யும் மழையெல்லாம் இந்தத் தாழ்நிலத்தின் வழியேதான் வடிய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வயலும் தெருவும் கிணறும் ஒரே நீராகிவிடும் ஊர்கள் இங்கே பல. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் வீசியது. 2015இல் பெருவெள்ளம் வந்தது. ஆழிப்பேரலைக்குப் பின் தண்ணீர் வழியே பெருங்கொள்ளைநோய் வரும் என்று எல்லாரும் அஞ்சினார்கள், வரவில்லை. கிணறு தோறும் குளோரின் தெளித்து, முகாம்களுக்குத் தூய நீர் கொண்டு வந்து சேர்த்த ஊழியர்களின் உழைப்பை நாம் அதிகம் பேசுவதில்லை. வராத நோய்க்கு வரலாறு எழுதுவார் இல்லை.

கற்றவையும் கற்க வேண்டியவையும்

சிதம்பரத்தில் 1929இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடங்களில், மதுவாலும் நஞ்சாலும் நலியும் ஈரலைப் பச்சிலைகள் காக்குமா என்ற ஆராய்ச்சி தொடர்ந்து நடந்து வந்திருக்கிறது. 1985இல் அங்குத் தொடங்கிய இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி, பின்னர் தமிழக அரசின் பொறுப்பில் வந்து கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. கண் மஞ்சளித்தால் ஓடிச் செல்ல இன்று இடம் இருக்கிறது.

ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி 1981இல் வந்தது. 1997இல் ஐதராபாத்து நிறுவனம் ஒன்று அதனை இந்தியாவிலேயே குறைந்த விலையில் ஆக்கியது. பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலேயே போடப்படும் அந்த ஊசி, இன்று அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஒரு புற்றுநோயையே தடுக்கும் ஊசி அது. 2018இல் நடுவண் அரசு தேசிய வைரசு ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஹெபடைடிஸ் சி வகையை மூன்று மாத மாத்திரைகளால் பெரும்பாலும் முற்றிலும் நீக்க முடிகிறது. 1998 நவம்பரில் தில்லியில், பித்தக் குழாய் செம்மையாக அமையாது பிறந்த காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்குத் தந்தையின் ஈரலில் ஒரு பகுதியை வெட்டிப் பொருத்தினார்கள். இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் குழந்தை ஈரல் மாற்றுச் சிகிச்சை அது. அந்தப் பிள்ளை வளர்ந்து தானும் மருத்துவரானான். ஈரல் வெட்டினாலும் வளரும் உறுப்பு. தந்தை கொடுத்ததும் குறையவில்லை, மகன் பெற்றதும் வாழ்ந்தது.

இவ்வளவு இருந்தும் மதுவினால் ஈரல் சுருங்கி இறப்போர் நம் ஊர்களில் குறைந்தபாடில்லை. அதற்குத் தடுப்பூசி இல்லை. கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு மாலையில் மீண்டும் மதுக்கடைக்குச் செல்பவரை எந்தச் செடியும் காப்பாற்றாது. ஈரல் மருந்து என்ற பெயரில் உட்பொருள் அறியாது விற்கும் பொடிகளுள் சில ஈரலையே கெடுக்கின்றன என்பதும் மருத்துவர்கள் கண்ட உண்மை.

வெயிலைக் குற்றம் சொன்ன கோட்டை மருத்துவர் தண்ணீரைப் பார்க்கத் தவறினார். செடியைப் புகழ்ந்த நாம், தானே ஆறிய நோயைப் பார்க்கத் தவறினோம். ஆய்வுக்கூடத்தார்கூட முதல் வெற்றியின் ஒளியில் சற்றே கண் கூசினார்கள். ஆனால் மீண்டும் சோதித்து, தம் கண்ணைத் தாமே திருத்திக்கொண்டார்கள். அறிவின் பெருமை அதுதான். தன் கண்ணில் மஞ்சள் படிந்திருக்கலாம் என்று ஐயுறுபவனே மெய்யைக் காண்பான்.

இம்மழைக்காலத்தில் நம் வீட்டில் ஒருவர் கண் மஞ்சளித்தால், கொல்லையில் உள்ள செடியைப் பழிக்க வேண்டாம். அதை மட்டும் நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். அன்றே குருதியைச் சோதிப்போம். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால், அவருக்கு மயக்கமோ தடுமாற்றமோ வரும்வரை பொறுக்காமல், கண் மஞ்சளித்த அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். வீட்டில் அனைவருக்கும் நீரைக் கொதிக்க வைப்போம். வடலூர் அடுப்பு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக எரிகிறது. நம் வீட்டு அடுப்பில் நாளுக்கு ஒருமுறை ஒரு பானைத் தண்ணீர் கொதித்தால் போதும்.